ஜடேஜாவை 'வித்துட்டாங்களா'? ஒரு சின்ன திரெட்

1. போன நவம்பர்ல ஒரு திங்கக்கிழமை ஓபி. மயிலாப்பூர்ல பூக்கடை வச்சிருக்கிற பெரியவர், சுகர் மாத்திரைக்கு வந்தவர், சீட்டை நீட்டிக்கிட்டே கேட்டார்: "என்ன டாக்டர், ஜடேஜாவை வித்துட்டாங்களாமே?" வரிசைல இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அந்த 'வித்துட்டாங்க'ங்கிற வார்த்தை இன்னும் காதுலயே இருக்கு.

2. தெரியாதவங்களுக்கு: 2025 நவம்பர் 15. தக்கவைக்கும் வீரர்கள் பட்டியல் கொடுக்கக் கடைசி நாள். அன்னிக்குத்தான் சஞ்சு சாம்சன் 18 கோடிக்கு சென்னைக்கு வந்தார். பதிலுக்கு ஜடேஜாவும் சாம் கரணும் ராஜஸ்தானுக்கு. 18 கோடியில இருந்த ஜடேஜாவுக்கு அங்க 14 கோடி.

3. இது கிட்டத்தட்ட நடக்காமலே போயிருக்கும். ஒரு அணிக்கு வெளிநாட்டு வீரர்கள் 8 பேர்தான். ராஜஸ்தான்ல 8 இடமும் ஃபுல். ஒருத்தரை வெளியே அனுப்பினாத்தான் கரண் உள்ளே வர முடியும். கெடு நெருங்க நெருங்க நாம எல்லாரும் கோட்டா, பர்ஸுன்னு கணக்குப் போட்டோம். அந்த மனுஷன் என்ன நினைக்கிறார்னு பேசினவங்க கம்மி.

4. விதிப்படி ஐபிஎல்ல வீரரோட எழுத்துபூர்வ சம்மதம் இல்லாம டிரேட் கிடையாது. அதனால 'வித்துட்டாங்க'ங்கிறது தப்பு. பெரியவர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். ஆனா சொல்லி முடிச்சதும் எனக்கே உறுத்துச்சு. ஏன்னா சம்மதப் படிவம் எங்க தினசரி வேலை.

5. ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குவோம். தியேட்டர் வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சு பேனாவை நீட்டினா கையெழுத்து கிடைக்கும், சம்மதம் கிடைக்காது. "வேண்டாம்னு சொன்னா வேற வழி என்ன, அதுல என்ன ஆபத்து"ன்னு முன்கூட்டியே சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்து வாங்கினாத்தான் அது சம்மதம்.

6. இப்போ ஐபிஎல்லைப் பாருங்க. வீரர் 'போகமாட்டேன்'னு சொன்னா? அணி அவரை அப்படியே ரிலீஸ் பண்ணலாம். அப்புறம் ஏலம்தான். 37 வயசைத் தொடப்போற ஒருத்தருக்கு ஏலத்துல என்ன விலை வரும்னு யாருக்கும் தெரியாது. ஜடேஜா சந்தோஷமாவே போயிருக்கலாம். 2008-ல அவர் முதல் கோப்பை ஜெயிச்ச அணி அது. நான் கேக்குறது அமைப்பைப் பத்தி. 'இல்ல'ன்னு சொல்ல முடியாத இடத்துல 'சரி'க்கு என்ன மதிப்பு?

7. இதே ஜடேஜா, இதே ராஜஸ்தான். 2010-ல அவருக்கு 21 வயசு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம வேற அணியோட நேரடியா பேசினார்னு அந்த சீசன் முழுக்கத் தடை. அணிகள் வீரரைப் பத்திப் பேசினா அது டிரேட். வீரர் தன்னைப் பத்திப் பேசினா அது குற்றம். விதியை மீறினார், சரி. ஆனா விதியை எழுதினப்போ வீரர் தரப்புல யார் இருந்தாங்க?

8. வேற மாதிரியும் நடத்தலாம். நம்ம ஈழத்துச் சொந்தங்கள் நிறைய பேர் வாழுற டொரண்டோவுக்கு வாங்க. 2008 பிப்ரவரி. மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியோட கேப்டன் மாட்ஸ் சண்டீன், வயசு 37. அணி திணறிட்டு இருக்கு. டிரேட் கெடு பிப்ரவரி 26. அவரைக் கொடுத்துட்டு இளம் வீரர்களை வாங்கணும்னு நிர்வாகத்துக்கு ஆசை.

9. சண்டீன் மாட்டேன்னுட்டார். அவர் ஒப்பந்தத்துலயே 'என் அனுமதி இல்லாம டிரேட் கூடாது'ன்னு ஷரத்து இருந்துச்சு. மறுத்ததுக்காக அவரைத் தூக்கி வீசல. அதே அணிக்கே சீசனை முடிச்சார். ரசிகர்கள் பலர் திட்டினாங்க. அணிக்கு நஷ்டம்தான், பதிலுக்கு ஒண்ணும் கிடைக்கல. ஆனா 2012-ல அதே அணி அவரோட 13-ம் எண்ணை அரங்கத்து உச்சியில ஏத்தி கௌரவிச்சுது.

10. அந்த ஷரத்து யாரும் போட்ட பிச்சை இல்ல. அங்க 1967-லிருந்து வீரர்கள் சங்கம் இருக்கு, உட்கார்ந்து பேரம் பேசுறாங்க. இங்க 2019-ல வந்த இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவங்களுக்கு மட்டும். இன்னிக்கு ஆடுறவருக்காகப் பேச யாரும் இல்ல.

11. "கோடியில சம்பாதிக்கிறவனுக்கு எதுக்கு டாக்டர் சங்கம்?"னு கேப்பீங்க. 14 கோடிக்காரருக்கு வேண்டாம்னே வச்சுக்கோங்க. அதே விதிதான் அடிப்படை விலை 30 லட்சத்துக்கு வந்த பையனுக்கும். முழங்கால் தசைநார் கிழிஞ்சா அவன் அடுத்த வருஷம் எங்க நிப்பான்?

12. நான் கேக்குறது ரெண்டுதான். ஒரே அணிக்குப் பல வருஷம் ஆடினவருக்கு, மறுத்தாலும் அந்த சீசன் சம்பளம் உறுதி. ஆடுற வீரர்களுக்கும் ஒரு சங்கம். டிரேட் நடக்கட்டும், சாம்சன் வரட்டும், சேப்பாக்கத்துல நானும் விசில் அடிப்பேன்.

13. 2023 ஃபைனல் கடைசி ரெண்டு பந்துல சிக்ஸரும் ஃபோரும் அடிச்சவரைப் பத்தி 'வித்துட்டாங்க'ன்னு ஒரு ரசிகர் கேட்டா, 'இல்லைங்கய்யா, அவரே முடிவு பண்ணார்'னு தயங்காம சொல்ற மாதிரி விதி இருக்கணும். பெரியவர் ஒவ்வொரு மாசமும் மாத்திரைக்கு வர்றார். நான் இன்னும் அந்தப் பதிலைச் சொல்லல.