தேவாலயத்துக்கு வெளியே ஒரு சாஸ்திரியார்

வேதநாயகம் என்றதும் இலக்கிய வாசகருக்கு நினைவில் வருபவர் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் முன்சீப். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே பிறந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதியதாகச் சொல்லப்படும் இன்னொரு வேதநாயகத்தைப் பற்றிக் கேட்டால், தேவாலயத்தில் கீர்த்தனை பாடுகிறவர்தான் பதில் சொல்வார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருக்கு நாம் இழைத்த அநியாயம் இது.

1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஜெர்மன் போதகர் சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்தார். தரங்கம்பாடியிலும் படிக்க வைத்தார். அதே ஐயரின் அரவணைப்பில் வளர்ந்த மற்றொரு பிள்ளை, பின்னாளில் சரஸ்வதி மகாலுக்குப் புகழ் சேர்த்த இரண்டாம் சரபோஜி. மாணவர்கள் இருவரில் ஒருவர் அரியணை ஏறினார். மற்றவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே பாட்டுக் கட்டினார்.

1800-இல் பிறந்தது ‘பெத்லகேம் குறவஞ்சி’. குற்றாலநாதர்மேல் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிப் புகழ்பெற்ற வடிவத்தை எடுத்து, கிறிஸ்துவைப் பாட்டுடைத் தலைவராக்கினார். தலைவியின் காதல், குறி சொல்லும் குறத்தி, வலை விரிக்கும் சிங்கன் என எல்லாம் உண்டு. எல்லாம் வேதாகமப் பொருளில் புதிதாய் நிற்கின்றன. இதில் வியப்பூட்டுவது வேறொன்று. சூரியனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றுகின்றன என்ற கோப்பர்நிக்கஸ் கொள்கையையும், மிஷன் பள்ளியில் கற்ற பூகோளத்தையும் அந்தக் குறவஞ்சிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். குறத்தியின் கூடையில் வானசாஸ்திரம்! தமிழில் அறிவியல் எழுத்தின் வரலாறு பேசுவோர் இந்த நூலை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்பது புரியவில்லை.

சரபோஜியின் அவையிலும் ஒரு குறவஞ்சி உண்டு. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் மன்னரைத் தலைவராக்கிப் பாடிய அது பெரிய கோயிலில் ஆடப்பட்டது. ஒரே ஊர், ஒரே காலம், இரண்டு குறவஞ்சிகள். சாஸ்திரியார் மன்னருக்கு வேண்டியவர்தான். ஆனாலும் தம் கடவுளைத் தவிர வேறு தெய்வத்தைப் பாட மறுத்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது.

கும்மி, நொண்டி நாடகம், காலட்சேபம் என ஊரார் காதுக்குப் பழகிய வடிவங்களையே அவர் தேடிப் போனார். ‘ஞான நொண்டி நாடகம்’, ‘ஞானத்தச்ச நாடகம்’ என்ற தலைப்புகளே அதைச் சொல்லும். படிக்கத் தெரியாதவரும் பாடி மனப்பாடம் செய்யலாம்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். பின்னால் வந்த மிஷனரிகள் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க முனைந்தபோது, 1829 வாக்கில் அதை எதிர்த்து எழுதியவர்களில் அவர் முன்னணியில் நின்றார். ஐரோப்பியரின் அதிகாரத்தைத் தட்டிக் கேட்டார் என்று அதற்குச் சப்பைக்கட்டு கட்டுவோர் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அவர் காக்க நினைத்தது சாதி வழக்கத்தைத்தான். இதை மறைத்துவிட்டுப் பாராட்டினால் அது விழா மேடைப் பேச்சாகிவிடும்.

கிட்டத்தட்ட 90 வயது வாழ்ந்து 1864-இல் மறைந்தார். நம் பாடத்திட்டங்களோ அவரைக் ‘கிறிஸ்தவ இலக்கியம்’ என்ற தனிப் பெட்டியில் போட்டு மூடிவிடுகின்றன. தமிழ்த்துறைகள் ஒன்று செய்யலாம்: அடுத்த ஆண்டு குற்றாலக் குறவஞ்சி நடத்தும் வகுப்பிலேயே பெத்லகேம் குறவஞ்சியையும் சேர்த்து நடத்தட்டும்.