கிழவர் உயிரா? டாக்டர் உரிமையா?

அமெரிக்கா தேசத்தில் சென்ற 30 வருஷ காலத்திற்கு மேலாக ஒரு விவகாரம் நடந்து வந்திருக்கின்றது. அது என்னவென்றால், வயது சென்றவர்களுக்கு நிமோனியாக் காய்ச்சலைத் தடுக்கும் ஊசியை மருந்துக் கடையிலுள்ள மருந்தாளுநர் போடலாமா, அல்லது டாக்டர்தான் போடவேண்டுமா என்பதேயாகும். மேலாகப் பார்த்தால் இது இரண்டு தொழிற்காரர்களுக்குள் நடக்கும் சில்லறைச் சண்டை போலத் தோன்றலாம். உள்ளே புகுந்து பார்த்தாலோ, ஒரு காரியத்தைச் செய்ய ஒருவனுக்கு யோக்கியதை எதனால் வருகின்றது? கற்றதனாலும் பழகியதனாலுமா, அல்லது இது இன்னாருக்கே உரியதென்று எழுதி வைத்துவிட்டதனாலா? என்கின்ற பெரிய கேள்வி அதில் அடங்கியிருக்கின்றது.

முதலாவது நோயைப்பற்றிச் சிறிது சொல்லுவோம். இதை உண்டாக்குவது நியூமோகாக்கஸ் என்னும் ஒரு கிருமி. 1881ம் வருஷத்தில் பிரெஞ்சு தேசத்துப் பாஸ்டரும், அமெரிக்காவின் ஸ்டெர்ன்பர்க்கும் தனித்தனியே இதை எச்சிலிலிருந்து கண்டுபிடித்தார்கள். இக்கிருமி பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் சாதுவைப்போல் குடியிருக்கும். குழந்தையின் மூக்கிலிருந்து தும்மலோடு கிளம்பிப் பாட்டன் நெஞ்சில் போய் இறங்கும். அங்கே நுரையீரலைப் பிடிக்கும். பின் இரத்தத்தில் கலக்கும். சில வேளை மூளையைச் சுற்றியுள்ள சவ்வையும் பிடிக்கும். சர்க்கரை வியாதி, இருதய வியாதி, ஆஸ்துமா உடையவர்களுக்கும், சுருட்டு, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். இப்படிச் செத்தவனைப் பார்த்து, "வயதாகிவிட்டது, போகவேண்டிய காலம் வந்தது, போனான்" என்று ஜனங்கள் எங்கும் சொல்லிவிடுகின்றார்கள். காலமா வந்தது? கிருமியல்லவா வந்தது! கிருமி வருவதற்கு முன் ஊசி வந்திருந்தால் அந்தக் காலம் இன்னும் பத்து வருஷம் பொறுத்து வந்திருக்கலாமல்லவா?

இந்த ஊசி புதிதல்ல. 1977ல் 14 வகைக் கிருமிகளைத் தடுக்கும் மருந்து அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 1983ல் அது 23 வகையாயிற்று. பிறகு வேறு முறையில் செய்யப்பட்ட மருந்துகள் வந்தன; அவற்றில் 20 வகையைத் தடுப்பது 2021லும், 21 வகையைத் தடுப்பது 2024லும் பெரியவர்களுக்கு அனுமதிக்கப்பட்டன. இவை எல்லாக் காய்ச்சலையும் தடுத்துவிடும் என்று நாம் கதையளக்க வரவில்லை. ஹாலந்து தேசத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 84,000க்கு அதிகமான பேர்களைக்கொண்டு 13 வகை மருந்தைச் சோதித்தார்கள். முடிவு 2015ல் வெளியாயிற்று. அந்த மருந்திலுள்ள வகைக் கிருமிகளால் வரும் நிமோனியா நூற்றுக்குச் சுமார் 46 பங்கும், இரத்தம் முதலிய இடங்களில் பரவும் கொடிய நோய் நூற்றுக்கு 75 பங்கும் குறைந்தன. உள்ளதை உள்ளபடி சொன்னாலே இது போதுமான நன்மையாயிருக்கும்போது, இல்லாததைச் சேர்த்துச் சொல்ல என்ன அவசியம்?

நிற்க. அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு இவ்வூசிச் செலவை மெடிகேர் என்னும் சர்க்கார் இன்ஷூரன்ஸ் 1981 முதலே ஏற்று வருகின்றது. அப்படியிருந்தும் அவ்வயதினரில் ஏறக்குறைய மூன்றிலொருவர் ஊசி போடாமலே இருக்கின்றார்கள். வெள்ளையரைவிடக் கறுப்பரில் போட்டுக்கொண்டவர் தொகை இன்னும் குறைவு. பணம் தடையில்லை, மருந்துக்கும் பஞ்சமில்லை என்றால் பின் தடை எது? டாக்டரிடம் நாள் குறிக்கவேண்டும். குறித்த நாளில் யாராவது வண்டி ஓட்டிக்கொண்டு போகவேண்டும். போனால் காத்திருக்கவேண்டும். காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் மூட்டுவலியைப்பற்றியும் இரத்த அழுத்தத்தைப்பற்றியும் பேசி முடிப்பதற்குள் நேரம் ஆகிவிடும். ஊசியைப்பற்றி அவரும் கேட்கமாட்டார், இவரும் நினைக்கமாட்டார்.

மருந்துக் கடையோ அப்படியல்ல. அந்நாட்டு ஜனங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு 5 மைலுக்குள் ஒரு மருந்துக் கடை இருக்கின்றது. டாக்டரை வருஷத்திற்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பார்க்கும் கிழவர், மருந்தாளுநரை மாதந்தவறாமல் பார்க்கின்றார். இன்னொரு விசேஷமும் உண்டு. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இருதயம், யாருக்கு மூச்சிரைப்பு என்பதை அவர்கள் வாங்கும் மருந்தைக்கொண்டே மருந்தாளுநர் அறிவார். ஆகவே யாருக்கு இவ்வூசி அவசரம் என்பதைத் தேடிக்கொண்டு போகவேண்டியதில்லை. அவர்களே தேடிக்கொண்டு வந்து எதிரில் நிற்கின்றார்கள். அன்றியும் இந்தப் புது ஊசி பெரும்பாலோருக்கு ஒரே தடவை போட்டால் போதும். இதற்குப் பருவமும் இல்லை; எந்த மாதத்திலும் போடலாம். இன்புளுயன்சா ஊசிக்கு வந்தவருக்கு மற்றொரு கையில் இதையும் போட்டு அனுப்பலாம்.

இவ்வளவு சுலபமான காரியத்திற்கு டாக்டர் சங்கத்தார் சொல்லி வந்த ஆக்ஷேபணைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஊசி ஒத்துக்கொள்ளாமல் திடீரென்று மயக்கம் வந்தால் என்ன செய்வது?" என்கின்றார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அப்பொழுது கொடுக்கவேண்டியது எபிநெப்ரின் என்னும் மருந்து. அது டாக்டர் வீட்டில் விளைகின்றதா? மருந்துக் கடையில்தானே இருக்கின்றது! அதைக் கொடுக்கவும், நின்றுபோகும் மூச்சை மீட்கவும் பயிற்சி பெற்ற பிறகே மருந்தாளுநர் ஊசியைத் தொடுகின்றார். டாக்டர் ஆஸ்பத்திரியிலேயும் ஊசியைப் பெரும்பாலும் டாக்டரா போடுகின்றார்? நர்சும் உதவியாளருமல்லவா போடுகின்றார்கள்! உதவியாளர் போட்டால் பயமில்லை, பொதுவாக 6 வருஷம் மருந்தைப்பற்றியே படித்தவர் போட்டால் பயம் என்றால், அந்தப் பயம் நோயாளிக்காக வந்த பயமா, வருமானத்திற்காக வந்த பயமா என்று கேட்கின்றோம்.

"கடைக்காரன் லாபத்திற்காகப் போடுவான்" என்கின்றார்கள். டாக்டர் தர்மத்திற்காகவா போடுகின்றார்? இருவரும் கூலிக்குத்தான் வேலை செய்கின்றார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. யாருக்கு, எந்த வயதில், எந்த மருந்து என்பதை நிபுணர் விதித்து, போட்டதைப் பொதுப் பதிவில் ஏற்றிவிட்டால், இருவர் பேராசைக்கும் ஒரே கடிவாளம் போட்டதாகும்.

இந்த ஆக்ஷேபணைகளையெல்லாம் அனுபவமே அடித்துவிட்டது. 1994ல் வாஷிங்டன் மாகாணத்தில் மருந்தாளுநர்களுக்கு ஊசிப் பயிற்சி ஆரம்பமாயிற்று. 1996ல் அவர்கள் சங்கம் நாடு முழுவதற்கும் பயிற்சித் திட்டம் வகுத்தது. 2009க்குள் 50 மாகாணங்களும் அனுமதித்துவிட்டன. கோவிட் காலத்தில் கோடிக்கணக்கான ஊசிகளை மருந்துக் கடைகளே போட்டன. அயர்லாந்திலும் 2015 முதல் மருந்தாளுநர் நியூமோகாக்கஸ் ஊசி போடுகின்றார். ஆகாயம் இடிந்து விழுந்துவிடவில்லை.

ஆனாலும் அங்கே எல்லாம் சரியாய்விட்டது என்று நாம் சொல்லமாட்டோம். பெரிய கடை முதலாளிகள் ஆளைக் குறைத்து வேலையை ஏற்றினார்கள். மாத்திரை எண்ணுவதும், டெலிபோனுக்குப் பதில் சொல்வதும், ஊசி போடுவதும் ஒரே ஆள் தலையில் விழவே, 2023ல் கான்சாஸ் நகர மருந்தாளுநர்கள் வேலையை விட்டு வெளியேறிக் கிளர்ச்சி செய்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமே. உரிமையைக் கொடுத்துவிட்டு நேரத்தைப் பிடுங்கிக்கொள்வது கொடுத்ததாகாது.

மற்றொன்று: பல மாகாணங்களில் மருந்தாளுநரின் உரிமை ஒரு மத்திய ஆலோசனைக் கமிட்டியின் சிபார்சோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அக்கமிட்டிதான் 2024 அக்டோபரில் இவ்வூசிக்கு வயதை 65லிருந்து 50க்கு இறக்கியது. 2025 ஜூனில் அதன் 17 அங்கத்தினர்களையும் சுகாதார மந்திரி ஒரேயடியாக நீக்கினார். அவ்வருஷமே கோவிட் ஊசி விஷயத்தில் சில மாகாணங்களில் டாக்டர் சீட்டில்லாமல் கடையில் போடமுடியாதென்றாயிற்று. அதே கை, அதே ஊசி, அதே படிப்பு. நேற்று யோக்கியதை இருந்தது, இன்று இல்லையாம்! கற்றவனுடைய உரிமையை ஒரு மந்திரியின் கையெழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் இந்தக் கதிதான் நேரும்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே குழந்தைகளுக்கு இவ்வூசியைச் சர்க்கார் 2017ல் சில மாகாணங்களில் தொடங்கி 2021ல் நாடெங்கும் இலவசமாக்கினார்கள். வரவேற்கின்றோம். ஆனால் தாத்தாவும் பாட்டியும் கைப்பணம் கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அப்படி ஒரு ஊசி இருப்பதையே அறியாதவர்கள் எத்தனையோ பேர். படித்துப் பதிவு பெற்ற மருந்தாளுநரைப் பொட்டலம் கட்டும் ஆளாகவே வைத்திருக்கின்றோம். கண்டவரெல்லாம் கடையின் பின்புறத்தில் திருட்டுத்தனமாய் ஊசி குத்துவதை நாம் ஆதரிக்கவில்லை, அது ஒழியவேண்டியதே. படிப்பு, பயிற்சி, பதிவு, பொறுப்பு இந்த நான்கும் உடையவருக்குச் சட்டப்படி உரிமை கொடுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம்.

ஆகவே தோழர்களே! யார் குத்தினார் என்று கிருமி கேட்பதில்லை. இரத்தமும் கேட்பதில்லை. கேட்கிறவர்கள் குத்தும் உரிமையைத் தங்கள் சொத்தாக வைத்துக்கொண்டவர்களே. அவர்கள் சொத்தைக் காப்பாற்றுவது அவர்கள் கவலை. வீட்டிலுள்ள கிழவர் உயிரைக் காப்பாற்றுவது நம் கவலை. சர்க்கார் சட்டம் செய்கிறபோது செய்யட்டும். அதற்குள் 65 வயது தாண்டிய தாய் தகப்பனுக்கு இவ்வூசி போட்டாயிற்றா என்று டாக்டரையாவது, ஆஸ்பத்திரியையாவது இந்த வாரமே கேளுங்கள்.