எந்த வலிக்கு, யாருடைய வலிக்கு?

"அடிமையாக்காத வலிமருந்து வந்திட்டுது" எண்ட செய்தியை 2025 ஜனவரிக்குப் பிறகு எத்தனையோ பேர் பகிர்ந்துவிட்டார்கள். எங்களுக்கும் சந்தோசம்தான். ஆனால் எந்த வலிக்கு என்பது மட்டும் வசதியாக விடுபட்டுப் போகிறது.

அமெரிக்க மருந்து நிர்வாகம் சுசெட்ரிஜின் குளிசைக்கு அனுமதி கொடுத்தது திடீர் வலிக்கு. சத்திரசிகிச்சை, காயம் எண்டு சில நாள் இருந்து போகிற வலிக்கு. நீரிழிவுக்காரரின் கால் எரிவு, வருசக்கணக்காய் நித்திரையைத் தின்னும் நரம்புவலி எல்லாம் அந்த அனுமதிக்கு வெளியே. முதுகிலிருந்து காலுக்கு இழுக்கும் நரம்புவலிக்கான சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் வந்தது. மருந்து குடித்தவர்களுக்கும் வெறும் குளிசை குடித்தவர்களுக்கும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்திருந்தது. இதை யார் பகிர்ந்தீர்கள்?

யோசனை கெட்டித்தனமானது, மறுக்கேல்லை. சோடியம் உள்ளே பாயும் வாசல்கள் திறந்தால்தான் நரம்பு சைகை அனுப்பும். பல்லுப் பிடுங்க முதல் போடும் விறைப்பூசி எல்லா வகை வாசலையும் அடைக்கிறது. அதுதான் சொண்டும் மரத்துப் போகுது. அதையே உடம்பு முழுக்கச் செய்தால் இதயத்துக்கு ஆபத்து, அதுவும் இப்படியான வாசல்களால்தான் துடிக்கிறது. ஒன்பது வகையில், வலி நரம்புகளில் அதிகம் இருக்கும் 1.8 ஐ மட்டும் அடைப்பதுதான் புது மருந்தின் வேலை.

இதற்கு முதல் கொம்பனிகள் 1.7 க்குப் பின்னால் ஓடிக் களைத்தன. அந்த ஓட்டத்துக்கு வேகம் குடுத்தது 2006 இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு: வட பாகிஸ்தானில் 1.7 வேலை செய்யாமல் பிறந்தவர்கள் பற்றியது. முதலில் தெரியவந்த பையன் கையில் கத்தி ஏத்தி, தணலில் நடந்து தெருவித்தை காட்டினவன். 14 வயசாக முதலே கூரையால் குதித்துச் செத்துப்போனான். வலி தெரியாமை வரம் எண்டு கதைக்கிறவை அவனையும் நினைக்கவேணும்.

இனி விலை. ஒரு குளிசை 15.50 டொலர், எங்கட காசில் 4,000 ரூபாவுக்கு மேல். வழமையாக நாளுக்கு இரண்டு. ஓபியொயிட் கூடிப்போனது அமெரிக்காவின் பிரச்சினை. உலகச் சனத்தொகையின் வறிய பாதி வாழும் நாடுகளுக்கு மோர்பின் வகை மருந்துகளில் 1 சதவீதம்தான் போய்ச்சேருகிறது எண்டு 2017 இல் லான்செட் ஆணைக்குழு சொன்னது. அந்தப் பாதிக்கு இந்தக் குளிசை எப்படிப் புரட்சியாகும்?

வன்னியில் உடம்பில் செல் துண்டோடையும், இல்லாத காலின் வலியோடையும் இருக்கிறவைக்கு இண்டைக்கும் கிளினிக்கில் கிடைக்கிறது அமிட்ரிப்டிலின், காபமசபின் மாதிரிப் பழைய குளிசைகள்தான். காபமசபினும் சோடியம் வாசலை அடைக்கிற மருந்துதான், 1960களிலிருந்து முகநரம்பு வலிக்குக் குடுக்கிறது. தலைசுத்தும், நித்திரை தூங்கும். அதையும் சிலவேளை வெளியில வாங்கச் சொல்லித் துண்டுதான் எழுதித் தருவினம்.