பழுதாகாத பைக் எது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்க ஊர் படூருக்கு வந்திருக்கிறீர்களா? பழைய மாமல்லபுரம் சாலையில் 'டப் டப்' என்று வரிசையாக பைக்குகள் போகும். பின்னால் மூட்டை முடிச்சு வேறு! வேடிக்கை பார்க்கும் வாண்டுகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அங்கிள், இந்த பைக்கில் லடாக் வரைக்கும் போகலாமா? நடுவழியில் நின்னுடாதா?"

நிற்கும்! நிற்காத பைக்கே கிடையாது என்பது என் கட்சி.

1952ல் சே குவேரா, நண்பரின் பழைய நார்ட்டன் பைக்கில் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். வண்டிக்கு இருவரும் சொன்ன செல்லப் பெயருக்கு 'வல்லமை மிக்கவள்' என்று அர்த்தம். அந்த வல்லமை, சிலி நாட்டிலேயே படுத்துவிட்டது! மீதி தூரத்துக்கு லாரிக்காரர்களைக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

டெட் சைமன் கதை வேறு. 1973ல் லண்டனில் இருந்து ட்ரையம்ப் பைக்கில் கிளம்பி, 4 ஆண்டுகளில் 45 நாடுகளைச் சுற்றினார். நம் இந்தியாவுக்கும் வந்தார். அவர் வண்டியும் மக்கர் செய்தது. ஆனால் மனிதர் விடவில்லை. பிரித்துப் பார்த்து, சரிசெய்து, மறுபடியும் கிளம்பினார். அவர் மெக்கானிக் இல்லை, பத்திரிகைக்காரர்!

நம் ஊர் புல்லட்டைப் பாருங்கள். இங்கிலாந்தில் பிறந்த வண்டி. 1950களில் இருந்து சென்னை திருவொற்றியூரில் தயாரானது. பிறகு இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோக, இங்கே மட்டும் நிற்கவே இல்லை. பழைய புல்லட் எண்ணெய் ஒழுகும், அடம் பிடிக்கும். ஆனாலும் ஜனங்கள் அதை நம்பி இமயமலைக்குப் போனார்கள். ஏன் தெரியுமா? எந்த ஊரில் நின்றாலும், அதைப் பிரிக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தார். ஸ்பார்க் பிளக்கில் கரி பிடித்தால், கழற்றிச் சுரண்டி மாட்டினால் போதும்.

இப்போதைய பைக்குகள் கெட்டிக்காரப் பிள்ளைகள். மலை உச்சியில் காற்று குறைந்தால், கம்ப்யூட்டரே பெட்ரோலையும் குறைத்துவிடும். கார்புரேட்டர் வண்டிகள் அங்கே மூச்சு வாங்கும். புது வண்டி அடிக்கடி நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டால், ஸ்பேனரை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் ஒரு வித்தை சொல்லித் தந்தார். நெடும்பயணம் போகும்முன், கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு புது கேபிளையும் இழுத்துக் கட்டிவிட வேண்டும். திண்டிவனம் தாண்டியதும் என் கேபிள் பட்டென்று அறுந்தது. பக்கத்தில் இருந்ததை மாட்டினேன். பத்து நிமிஷம்தான்! அன்று என்னைக் காப்பாற்றியது பைக் கம்பெனி இல்லை, அந்த அண்ணன்.

அதனால்தான் எனக்கு ஒரு வருத்தம். சைக்கிள் செயின் கழன்றால்கூட "அப்பா..!" என்று கூப்பிடுகிறீர்கள். அப்பாவோ உடனே கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். பெற்றோரே, பிள்ளை கையில் கறை படட்டுமே! சோப்பு எதற்கு இருக்கிறது?

பைக் ஓட்ட 18 வயது ஆகணும். சைக்கிளைக் கவனிக்க எந்த வயதும் போதும். எங்கள் பக்கம் கோவளத்து உப்புக் காற்று, செயினைச் சீக்கிரம் அரித்துவிடும். இன்றைக்கே உங்கள் செயினைத் தொட்டுப் பாருங்கள். விரல் கறுப்பானால் எண்ணெய் இருக்கிறது. செம்பழுப்பாக வந்தால் துரு! பழைய துணியால் துடைத்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். 'கரகர' சத்தம் நிற்கிறதா, பாருங்கள்.