துருத்தி தைத்தவர் செய்த கேமரா

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பெரிய பிலிம் போடும் கேமராவைப் பிரெஞ்சில் 'ஷாம்ப்ர்', அதாவது 'அறை' என்பார்கள். முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவே துருத்தி மடிப்பு. உள்ளே இருட்டு. அவ்வளவுதான்.

1940-களில் ஆலப்புழையில் கருணாகரன் என்பவர், ஸ்டுடியோ கேமராவின் பழுதான துருத்தியைச் சரிசெய்யப் போய், தேக்கிலும் பித்தளையிலும் 'வாகீஸ்வரி' என்ற கேமராவையே செய்து விற்றார்.

என் பேரன் பிளைவுட்டில் அப்படியொன்று செய்யத் தொடங்கியபோது, "படிக்கிற வேலையைப் பார்" என்று அதட்டினேன். தவறு என்னுடையது. பழுது பார்க்கத் தெரிந்த கைகளால் வளர்ந்த ஊர் திருப்பூர். கழற்றிப் பார்க்கும் பிள்ளையைத் தடுக்கலாமா? தலையில் போர்த்திக்கொள்ளக் கறுப்புத் துணிக்கா இங்கே பஞ்சம்? நானே வாங்கித் தருகிறேன்.