எர்த் பின்னை வெட்டாதீங்க!

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நம்ம கோயமுத்தூரில் மோட்டார் டிரைவ், இன்டக்‌ஷன் அடுப்பு, எஸ்.எம்.பி.எஸ். ரிப்பேர் பார்க்கும் பல கடைகளில் ஆசிலாஸ்கோப்பின் பிளக்கில் எர்த் பின் இருப்பதில்லை. வெட்டிவிட்டார்கள். கேட்டால், "கிளிப் மாட்டினா ஃபியூஸ் போகுதுங்க சார்" என்கிறார்கள்.

ஏன் போகாது? புரோபின் கிளிப், ஸ்கோப்பின் உலோக உடம்பு, சுவரில் உள்ள எர்த் மூன்றும் ஒன்றுதான். ஆனால் பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்குப் பின்னால் இருக்கும் 'கிரவுண்ட்' எர்த் அல்ல. பாதி நேரம் அது டயோடு வழியாக பேஸோடு சேர்ந்திருக்கிறது. அங்கே கிளிப் மாட்டுவது பேஸை எர்த்தில் அடிப்பதுதான். ஃபியூஸ் தன் வேலையைச் செய்தது.

பின்னை வெட்டினால் ஃபியூஸ் போகாது. ஆனால் ஸ்கோப்பின் உடம்பே 230 வோல்ட்டில் நிற்கும். அதைத் தொடப்போவது முதலாளி அல்ல, வேலை பழக வந்த பையன்.

"இருபது வருஷமா இப்படித்தான், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். ஒன்றும் ஆகாதவர் மட்டும்தானே வந்து சொல்ல முடியும்?

பிரிக்க வேண்டியது ஸ்கோப்பை அல்ல, போர்டை. போர்டுக்கு 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகக் கரண்ட் கொடுங்கள். ஸ்கோப் எர்த்தோடு இருக்கட்டும். ஒரு டிரான்ஸ்பார்மருக்கு ஒரு போர்டுதான். ஸ்டெபிலைசரையும் வேரியாக்கையும் இதற்கு நம்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஒரே காயில். பேஸ் நேராகவே வந்துவிடும்.

டிரான்ஸ்பார்மர் இருக்கிறதே என்று துணியவும் வேண்டாம். கிளிப் மாட்டியதும் அந்தப் புள்ளி எர்த் ஆகிவிடுகிறது. அப்புறம் இன்னொரு முனையைத் தொட்டால் அடிக்கும். சுவரில் இருக்கும் ஆர்.சி.சி.பி. விழாது, கரண்ட் செகண்டரிக்குள்ளேயே சுற்றுவதால் அதற்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கலாம். ஒரு கையால் அளக்கப் பழகுங்கள். மூன்று பேஸ் டிரைவ் என்றால் டிஃபரன்ஷியல் புரோப் இல்லாமல் தொடாதீர்கள்.

செலவு என்கிறீர்களா? காயில் கட்டுகிற பட்டறைக்குப் பஞ்சமே இல்லாத ஊர் இது. இரண்டு காயிலையும் தனித்தனியாகக் கட்டி, நடுவே நல்ல இன்சுலேஷன் போடச் சொல்லுங்கள். மெக்கர் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளே, நாளைக்குக் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தப் பிளக்கை மாற்றுங்கள். மாற்றியதும் கீழே ஒரு வரி எழுதுங்கள், கண்ணுகளா.