பூட்டிய அறைக்குள் இருப்பது பேய் அல்ல!

பேய்ப்படம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கிறீச்சிடும் கதவு, வெள்ளைப் புடவை, திடீர்னு ஒரு அலறல். என் கட்சி வேறு. நல்ல பேய்க்கதை பேயைப் பற்றியதே அல்ல.

‘சந்திரமுகி’ (2005) பார்க்காதவர் நம் பள்ளியில் யாரும் இருக்க மாட்டீர்கள். டி.வி.யில் அத்தனை முறை போட்டாச்சு! அதற்குத் தாய்ப்படம், 1993-ல் ஃபாசில் இயக்கிய மலையாள ‘மணிச்சித்ரதாழு’. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். ரஜினி ரசிகர்கள் கோபிக்கக் கூடாது, எனக்கு மலையாளம்தான் ஒரு படி மேல். கங்கா ஏன் அப்படி ஆனாள் என்பதை அது நின்று நிதானமாகச் சொல்கிறது. சின்ன வயதில் அவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் கல்கத்தா போய்விடுகிறார்கள். பிறகு திடீரென்று வந்து, அந்தப் பாட்டியிடமிருந்தே பிரிக்கப் பார்க்கிறார்கள். அந்த வலியைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. வளர்ந்தபின், அநியாயமாகக் கொல்லப்பட்ட நாகவல்லி என்ற தஞ்சாவூர் நாட்டியக்காரியின் கதையைக் கேட்கிறாள். அடக்கி வைத்த கோபத்துக்கு ஒரு வாய் கிடைத்துவிடுகிறது! டாக்டரும் அந்த வாயை அடைக்கவில்லை. உனக்கு என்ன வேணும் என்று கேட்கிறார். எனக்கு அந்த இடம்தான் உடம்பு சிலிர்த்தது.

‘அந்நியன்’ (2005) படத்திலும் இதே சங்கதிதான். மழைநீரில் கிடந்த மின்கம்பியால் தங்கை செத்ததைப் பார்த்த சிறுவன்தான் பின்னால் அந்நியன் ஆகிறான். ஆனால் அது பழிவாங்குவதிலேயே கைதட்டல் வாங்கிவிட்டது.

ஒரு குறை உண்டு. படத்தில் ஒரே ராத்திரியில் பொம்மையை வெட்டினால் எல்லாம் சரி. நிஜத்தில் மாதக்கணக்கில் பேச வேண்டியிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் (யாருன்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்) கண்முன்னே நடந்த விபத்துக்குப் பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டாள். பஸ் ஹாரன் கேட்டால் கை நடுங்கும். வீட்டில் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். அதில்கூட எனக்கு வருத்தமில்லை. மலையாளப் படத்திலும் மந்திரவாதி வருகிறார், ஆனால் டாக்டரோடு சேர்ந்துதான் வேலை செய்கிறார்! கூடப் படிப்பவர்கள் அவளுக்கு வைத்த பட்டம் ‘சந்திரமுகி’. படம் முழுக்கப் பார்த்தவங்கதானே? அந்தப் படத்துல என்னத்தைத்தான் பார்த்தாங்க?

இப்போது ஒரு டீச்சர் மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எதுவும் தோண்டிக் கேட்பதில்லை. போன வாரம் அவளாகவே நாலு வார்த்தை பேசினாளாம். அந்தப் பட்டப்பெயரை மட்டும் இனிமேல் கூப்பிடாதீங்க, ப்ளீஸ்.